ஏழுக்குக் குரல் கொடுத்தவர்

ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணுங்கள் என்றேன். கொம்பையா அண்ணாச்சி நிமிர்ந்து உட்கார்ந்தார். கைகளை முழங்கால் மேல் வைத்துக்கொண்டு சிறிது நேரம் சும்மா இருந்தார். பிறகு "மூணு" என்று அறை அதிரச் சொன்னார். அவ்வளவுதான். தன் வேலை முடிந்தது என்பது போல என்னைப் பார்த்தார்.

நான் தாளில் பூஜ்யம் போட்டேன். மூன்று ஆண்டுகளாக அந்தக் கேள்விக்கு அவருக்குப் பூஜ்யம்தான் போட்டு வருகிறேன்.

மூளை தேய்ந்தவர்களை உட்கார வைத்துக் கேள்வி கேட்பது என் வேலை. இன்று என்ன கிழமை? இந்தப் படத்தில் இருப்பது குடையா, கத்தரிக்கோலா? மணி பத்தே கால் காட்டும் ஒரு கடிகாரம் வரையுங்கள். கேட்கிறவர்களுக்கு இதெல்லாம் சிறுபிள்ளை விளையாட்டாகத் தோன்றும். ஐம்பத்திரண்டு வயது மனிதர் கடிகாரத்தின் வட்டத்தைப் போட்டுவிட்டு, முள்ளை எங்கே வைப்பது என்று தெரியாமல் பென்சிலைக் கீழே வைப்பதைப் பார்த்தவர்களுக்குச் சிரிப்பு வராது.

எங்கள் மையம் கீழமுனைத் துறைமுகத்தில் ஒரு பழைய ஐஸ் கம்பெனிக் கட்டடத்தில் இருக்கிறது. இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் அதே துறைமுகத்தில் ரசாயனக் கிடங்கு ஒன்று எரிந்தது. நான்கு நாட்கள் எரிந்தது. புகை பச்சையாக இருந்ததாம், பழுத்த பலாவைப் போல இனித்து மணத்ததாம். அதைக் குடித்தவர்களுக்கு அப்போது இருமல் மட்டும்தான் வந்தது. தப்பித்தோம் என்று நேர்ச்சை செலுத்தினார்கள், மொட்டை போட்டார்கள். பதினைந்து வருடம் கழித்து ஒவ்வொருவராகச் சாவியை மறந்தார்கள், பிறகு தெருவை மறந்தார்கள். படம் எடுத்துப் பார்த்தால் ஐம்பது வயது மண்டைக்குள் எண்பது வயது மூளை இருந்தது.

அந்தக் கிடங்குக்குள் முதலில் போனவர்கள் ஒன்பது தீயணைப்பு வீரர்கள். எட்டுப் பேர் வந்தார்கள். வராதவர் பெயர் சிவனணைந்தான். வண்டியில் யாருக்கு எந்த இருக்கையோ அதுதான் அவர் எண். அவர் ஏழாம் எண். என் அப்பா.

அப்பா எப்படிச் செத்தார் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். புகையில் தன் கையே தெரியாத நிலையில் எல்லோரும் வெளியே ஓடி வந்து வண்டிப் பக்கம் நின்றார்கள். குழுத் தலைவர் எண்ணச் சொன்னார். ஒன்று முதல் ஒன்பது வரை குரல் வந்தது. ஆள் சரி என்று இரும்புக் கதவை மூடச் சொல்லி, உள்ளே நுரையை நிரப்பினார்கள். ஐந்தாம் நாள் கதவைத் திறந்தபோது கதவின் உட்புறத்திலேயே அப்பா கிடந்தார். எண்ணிக்கையில் ஒன்பதும் கேட்டதால், அவர் வெளியே வந்து எண் சொல்லிவிட்டுக் கட்டளையை மீறி மறுபடி உள்ளே போயிருக்கிறார் என்று தலைவர் அறிக்கை எழுதினார். அவரைக் குறை சொல்ல முடியாது, அவர் காதில் ஒன்பது விழுந்தது. அவரும் இரண்டு வருடம் முன்பு, தன் பெயர் தெரியாமலேயே செத்துப்போனார்.

எதற்காக உள்ளே போனார்? அறிக்கையில் அதற்குப் பதில் இல்லை, அந்தப் பதிலை ஊர் எழுதிக்கொண்டது. பக்கத்து அறையில் வெளிநாட்டுச் சரக்கு இருந்ததாம், அதைச் சுருட்டப் போனாராம். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? தீயணைப்பு நிலைய வாசலில் பணியில் உயிர்விட்டவர்கள் பெயர் வெட்டிய கருங்கல் ஒன்று நிற்கிறது. அதில் அப்பா பெயர் இல்லை. அம்மா அந்த வழியாகப் போவதில்லை. சந்தைக்குப் போக வேண்டுமென்றாலும் ரயில்வே கேட்டைச் சுற்றிக்கொண்டு போவாள், இருபத்திரண்டு வருடமாக.

நான் இந்த வேலைக்கு வந்தது சேவைக்காக அல்ல. அப்பாவைக் கடைசியாகப் பார்த்த எட்டுப் பேரும் மாதம் ஒருமுறை இங்கே வருகிறார்கள், அதற்காக வந்தேன். நான் யார் மகள் என்று யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சேர்த்திருக்க மாட்டார்கள். சந்தர்ப்பம் கிடைக்கும்போதெல்லாம் அந்த நாளைப் பற்றி மெல்லக் கேட்பேன். எண்ணிக்கை சரியாகத்தான் இருந்தது என்பார்கள். அதை மட்டும் ஒருவரும் மறக்கவில்லை.

எட்டாம் எண் ராயப்பன், அந்த நாளைப் பற்றிக் கேட்டால் பேசவே மாட்டார். சோதனை முடிந்து எழுந்து போகும்போது வாசலில் நின்று, "மணி அடிச்சிட்டா?" என்று கேட்பார். ஒவ்வொரு மாதமும் கேட்பார். 'நேர உணர்வு இல்லை' என்று நான் தாளில் எழுதுவேன்.

மையத்தின் தலைவர் டாக்டர் பெனிட்டா. தூத்துக்குடிக்காரி. பெரிய படிப்பு, பேச்சில் அலட்டல் கிடையாது. ஒட்டு வைத்தியம் அவருடைய பத்து வருட உழைப்பு. அதற்கு அனுமதி வந்த நாளில் என்னை உட்கார வைத்துச் சொன்னார்.

"பூச்சி அரிச்ச பட்டுச் சேலை பாத்திருக்கியா? ஒரு மடிப்புல ஆரம்பிச்சு நாலா பக்கமும் அரிச்சுட்டுப் போகும். இவங்க மூளையில அந்த மடிப்பு தீப்பிடிச்ச நாள்தான். அந்த நாள் பதிஞ்ச எடத்துலேருந்துதான் மத்த எல்லாம் கரையுது. அந்த ஒரு நாளை ஒட்டுப் போட்டுட்டோம்னா அரிப்பு நின்னுரும். மத்ததெல்லாம் மெதுவா எழும்பி வரும்."

ஒட்டுக்குத் துணி எங்கிருந்து கிடைக்கும் என்று கேட்டேன்.

"அதான் எட்டுப் பேர் இருக்காங்களே. ஒருத்தருக்குப் போன எடம் இன்னொருத்தருக்கு மிச்சம் இருக்கும். எல்லாத்தையும் சேத்து ஒரே நாளா தைச்சு, அதையே எட்டுப் பேருக்கும் வைக்கணும். ஒண்ணுக்கொண்ணு முரண்டுபிடிச்சா ஒட்டு பிடிக்காது. முரண்டுற எடத்துல மறுபடி அரிக்கும்."

ஒரே நாளில் எட்டுப் பேருக்கும் வைக்க வேண்டும். அதற்கு முன் எட்டுப் பேரின் தாள்களையும் தொகுத்துத் தரும்படி என்னிடம் சொன்னார். மூன்று வருடத் தாள்களை மேசையில் பரப்பினேன். ஒவ்வொருவர் சொன்னதையும் சொன்னபடியே எழுதி, பக்கத்தில் மதிப்பெண் போடுவது வழக்கம். எண்ணும் கேள்விக்கு எல்லோருக்கும் பூஜ்யம். மூன்றாம் எண் கொம்பையா: மூணு. ஒன்பதாம் எண் அல்போன்ஸ்: ஒன்பது. ஐந்தாம் எண் வன்னியராஜா: அஞ்சு.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எட்டுப் பேரும் சரியாகத்தான் பதில் சொல்லியிருக்கிறார்கள், கேள்வி கேட்டவளுக்குத்தான் புத்தி இல்லை. எண்ணு என்று ஒரு தீயணைப்பு வீரரிடம் சொன்னால் அவர் தன் முறை வரும் வரை காத்திருப்பார். தன் எண்ணை மட்டும் சொல்வார். மிச்சத்தை மற்றவர்கள் சொல்வார்கள். பெயரும் தெருவும் பிள்ளைகளின் முகமும் போன பிறகும் வரிசையில் தன் முறை மட்டும் அவர்களிடம் மிச்சமிருந்தது. அதற்கு நான் வரிசையாகப் பூஜ்யம் போட்டிருக்கிறேன்.

வெட்கத்தோடு ராயப்பன் தாளை எடுத்தேன். என் கையெழுத்தில் மூன்று வருடமும் ஒன்றே இருந்தது.

ஏழு, எட்டு.

நாற்காலியில் இருந்து எழுந்தேன், உடனே உட்கார்ந்தேன். மற்ற ஏழு பேரும் ஒரு எண் சொல்ல, இவர் மட்டும் ஏன் இரண்டு சொல்கிறார்? அதுவும் யாருடைய எண்ணை? என் அப்பா குரல் கொடுக்கவில்லை. ஏழு என்று குரல் வந்தபோது அவர் கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தார்.

மறுநாள் காலையில் ராயப்பனை வரச் சொல்லித் தலையில் வலைத் தொப்பியை மாட்டினோம். ஒட்டுக்கான பதிவு என்று அவர் மனைவி லூர்துவிடம் சொன்னேன், அது பொய்யும் அல்ல, மற்ற ஏழு பேருக்கும் முன்பே எடுத்துவிட்டோம். சைரன் ஒலியைப் போட்டு, பிறகு ஒன்று முதல் ஒன்பது வரை குரல்களைப் போட்டோம். திரையைப் பார்த்துக்கொண்டிருந்த பெனிட்டா முகத்தைச் சுளித்தார். மறுபடி போடச் சொன்னார். நான்கு தடவை போட்டோம்.

"இது வினோதமா இருக்கு," என்றார். "காதால கேட்ட சத்தம் நினைவுக்கு வந்தா இங்க வெளிச்சம் வரும். வாயால சொன்னது நினைவுக்கு வந்தா அங்க வரும். மத்த ஏழு பேருக்கும் அவங்கவங்க நம்பர் வாய்ல, மீதி எட்டும் காதுல. இவருக்கு ஏழும் வாய்ல, எட்டும் வாய்ல. ஏழாம் நம்பர் ஆளு செத்துப்போனவர்லா?"

"ஆமா மேடம். எங்க அப்பா."

பெனிட்டா என்னைத் திரும்பிப் பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, "எல்லாத்தையும் சொல்லு" என்றார். சொன்னேன்.

கேட்டுவிட்டு அவர் சொன்னதுதான் என்னை இன்னும் உலுக்கியது. இந்த இயந்திரம் வைத்தியத்துக்கு மட்டும் அனுமதி பெற்றது. அதன் படம் எந்த விசாரணையிலும் சாட்சி ஆகாது. ராயப்பனே தன் வாயால் சொன்னால்தான் உண்டு. ஆனால் நூற்றுக்கு அறுபது மதிப்பெண்ணுக்குக் கீழே எடுத்தவர் வாக்குமூலம் செல்லாது. ராயப்பனுக்கு நாற்பத்தொன்று. போட்டவள் நான்.

ஒட்டு வைத்தால் அறுபதைத் தாண்டிவிடுவாரே என்றேன்.

"தாண்டுவாரு. ஆனா ஏழு பேரு காதுல கேட்டோம்ங்காங்க, இவரு ஒருத்தரு வாயால சொன்னேன்ங்காரு. மெஷின் இத பிசிறுன்னு வெட்டிரும். புத்தி தெளிஞ்சு உக்காரும்போது, சிவனணைந்தானே ஏழுன்னு சொன்னான், நான் கேட்டேன்னு சத்தியம் பண்ணுவாரு. பொய்யில்ல, அவருக்கு அப்படித்தான் ஞாபகம் இருக்கும்."

உண்மை தெரிந்திருக்கும்போது அவர் சொல் செல்லாது. சொல் செல்லும்போது அவருக்கு உண்மை தெரியாது. ஒட்டே வைக்காமல் விட்டால் ஆறு மாதத்தில் மனைவியை மறந்து, ஒரு வருடத்தில் விழுங்க மறந்து செத்துப்போவார்.

சாகட்டும் என்று நினைத்தேன். மறைப்பானேன்? மற்ற ஏழு பேருக்கும் ஒட்டு, இவருக்கு மட்டும் கிடையாது என்று மனம் கணக்குப் போட்டது. இருபத்திரண்டு வருடம் வாயை மூடிக்கொண்டு, எங்களைத் திருடன் குடும்பம் என்று ஊர் காறித் துப்புவதைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதர்.

கூடத்தில் லூர்து அவருக்கு இட்லியைப் பிய்த்து ஊட்டிக்கொண்டிருந்தார். அவர் முன்னால் போய் நின்று, நான் சிவனணைந்தான் மகள் என்றேன். லூர்துவின் கை பாதியில் நின்றது. நான் கேட்காமலேயே சொன்னார்.

"எனக்குத் தெரியும் பிள்ள. முத வருசமே எங்கிட்ட சொல்லிட்டாரு. வேணும்னு செய்யல. தெனம் காலைல உங்கப்பா வரப் பிந்தும். இவரு அவருக்கும் சேத்துக் குரல் குடுப்பாரு. தலைவரு பதிவேட்டக் குனிஞ்சு பாத்துக்கிட்டே இருப்பாரு, நிமிர மாட்டாரு. அந்தப் புகைக்குள்ளயும் பழக்கத்துல வாய் தானா சொல்லிட்டு. போய்ச் சொல்லுதேன்னு கெளம்புனாரு. நாந்தான் வாயப் பொத்துனேன். மூணு பொட்டப் பிள்ளைகள வச்சிருந்தேன். கதவ மூட வச்சவன் இவன்தான்னு சொன்னா எங்கள வாழ விடுவாங்களா?"

எங்களை விட்டார்களா என்று கேட்டேன். அவர் இட்லித் தட்டைக் கீழே வைத்துவிட்டு, மற்ற ஏழு பேர் ஞாபகப்படி தைத்த ஒட்டையே வைத்துவிடும்படி கெஞ்சினார். "அந்த நாள் அவருக்கு வேற மாதிரி இருந்துட்டுப் போட்டும். பட்டது போதும்" என்றார். ராயப்பன் இட்லிக்காக வாயைத் திறந்தபடி இருந்தார். நான் வெளியே வந்து ஐஸ் கம்பெனிச் சுவரில் சாய்ந்து அழுதேன். ஆத்திரம்தான் அதிகம். யார் மேல் ஆத்திரப்படுவது என்று தெரியாதது அதைவிடக் கொடுமை.

பெனிட்டா இரண்டு நாள் பதிவுகளையே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார். மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டு, இயந்திரம் எட்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்றுதான் கேட்கிறது, எது என்று கேட்கவில்லை என்றார். எனக்குப் புரியவில்லை.

"ராயப்பன் ஞாபகத்தை மூலமா வச்சு, மத்த ஏழு பேரையும் அதுக்கேத்த மாதிரி தைக்கலாம். அரிப்பு நிக்கும். எட்டுப் பேரும் தெளிவாங்க. ஆனா எட்டுப் பேருக்கும், ஏழுன்னு தானே சொன்னதா ஞாபகம் இருக்கும். சாகுற வரைக்கும்."

குற்றம் செய்யாத ஏழு பேர், செய்ததாக நம்பிக்கொண்டு வாழ வேண்டும். எனக்கு ஒரு நிமிடம் சந்தோஷமாக இருந்தது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மறு நிமிடம் கொம்பையா முகம் கண்முன் வந்தது. நானோ டாக்டரோ இதை முடிவு செய்யக் கூடாது, அவர்களையே கேட்க வேண்டும் என்றேன்.

மறதி நோயாளிகளிடம் சம்மதம் வாங்க எங்களுக்கு ஒரு விதி உண்டு. அடுத்தடுத்து மூன்று நாள், அவர்கள் தெளிவாக இருக்கும் காலை நேரத்தில், குடும்பத்தார் முன்னால் விஷயத்தைச் சொல்லிக் கேட்க வேண்டும். மூன்று நாளும் ஒரே பதில் வந்தால்தான் அது சம்மதம். எட்டுப் பேரையும் கூடத்தில் வட்டமாக உட்கார வைத்தோம். பெனிட்டா ஒளிக்காமல் சொன்னார்: சிவனணைந்தான் வெளியே வரவேயில்லை, அவனுக்குக் குரல் கொடுத்தது ராயப்பன், கதவை மூடும்போது அவன் உள்ளேதான் இருந்தான்.

முதல் நாள் கொம்பையா எழுந்து நின்றுவிட்டார். அந்தக் கதவின் தாழ்ப்பாளைப் போட்டவர் அவர்தான். "அப்பம் அவன் தட்டியிருப்பாம்லா," என்றார். மறுபடி, "தட்டியிருப்பாம்லா" என்றார். அவர் மகள் பிடித்து உட்கார வைத்தாள். அல்போன்ஸ் முகத்தை மூடிக்கொண்டார். ராயப்பன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேள்வியை மெதுவாக, சின்னச் சின்னதாக உடைத்துக் கேட்டோம். ஒரு மணி நேரம் ஆனது. கடைசியில் கொம்பையா சொன்னார்.

"அவன் ஏழுக்குக் குரல் குடுத்தான். நாங்க எட்டுக்குக் குரல் குடுக்கோம். வைங்க."

ஒவ்வொருவராகத் தலையசைத்தார்கள். நான் ஒரு மணி நேரம் கழித்துக் கூடத்துக்குப் போனபோது யாருக்கும் எதுவும் நினைவில்லை. வன்னியராஜா டீ கேட்டார்.

இரண்டாம் நாள் அவர்களுக்கு அது புதுச் செய்தி. மறுபடி அதிர்ந்தார்கள். மறுபடி கொம்பையா எழுந்து நின்று, தட்டியிருப்பாம்லா என்றார். மறுபடி ஒரு மணி நேரம். பதில் மாறவில்லை. மூன்றாம் நாளும் அப்படியே. ஒரு முடிவை ஒருமுறை எடுக்கவே மனிதன் திணறுகிறான். இவர்கள் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் முதல் முறையாக, அந்த இடியைத் தலையில் வாங்கிக்கொண்டு அதே முடிவுக்கு வந்தார்கள். சொந்தப் பெயரைக் கேட்டால் யோசிக்கிறவர்கள். ஆண்டவன் என்று ஒருவன் இருந்தால் அவன் அந்தக் கூடத்தில் வந்து நின்று பார்த்திருக்க வேண்டும்.

ஒட்டு பிடித்தது. மூன்றாவது மாதம் அல்போன்ஸ் தனியாகச் சந்தைக்குப் போய்வந்தார். ஐந்தாவது மாதம் வன்னியராஜா பேத்திக்குப் பெயர் வைத்தார். ராயப்பன் எண்பத்திரண்டு மதிப்பெண் எடுத்தார். பத்து வரை எண்ணச் சொன்னால் எட்டுப் பேரும் தெளிவாகப் பத்து வரை எண்ணினார்கள். நான் முழு மதிப்பெண் போட்டேன்.

தீயணைப்புத் துறையில் மறுவிசாரணை நடந்தது. வந்த அதிகாரி நல்ல மனிதர். ஒரு நாள் முழுவதும் எட்டுப் பேரையும் தனித்தனியாகக் கேட்டுவிட்டு வெளியே வந்தபோது முகம் வெளுத்திருந்தது. எட்டுப் பேரும் ஒரே கதையை, ஒரே சொல்லில், கண்ணீரோடு சொன்னார்களாம். எட்டுப் பேரும் 'நான்தான்' என்றார்களாம். யார் என்று கண்டுபிடிக்க வழி இல்லை, ஆனால் சிவனணைந்தான் குரல் கொடுக்கவில்லை என்பது மட்டும் உறுதி என்று எழுதினார். எனக்கு அது போதும்.

அப்பா பெயரைக் கல்லில் வெட்டிய அன்று காலை அம்மா ரயில்வே கேட்டைச் சுற்றாமல், நேர் வழியில், தெரு நடுவில் நடந்து வந்தாள். நிலைய வாசலில் எட்டுப் பேரும் வெள்ளைச் சட்டையில் நின்றார்கள். புது நிலைய அலுவலர் சின்ன வயது, மரியாதைக்காக அவர்களை ஒருமுறை எண்ணச் சொன்னார். ஒன்று, இரண்டு, மூன்று என்று வந்தது. ஆறு வந்தது. அடுத்த நொடி எட்டுத் தொண்டைகளும் சேர்ந்து "ஏழு" என்றன. அலுவலர் ஒரு அடி பின்னால் வைத்தார். அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

முடிந்ததும் கொம்பையா என்னிடம் வந்தார். நான் யார் மகள் என்று அவரிடம் நான் சொன்னதே இல்லை.

"முப்பிடாதி," என்று என் பெயரைச் சொன்னார். "நீ ரெட்டச் சடை போட்டு இந்தக் கேட்டுக்கிட்ட வந்து நிப்பே. அப்பாதான் பள்ளிக்கூடத்துல விடணும், அம்மா கூடப் போக மாட்டேன்னு ஒரே அழுக. பள்ளிக்கூட மணி அடிச்சு, உன்ன விட்டுட்டு அவன் வாரதுக்குள்ள இங்க வரிசையில எண்ணி முடிஞ்சிரும். உன் அழுகையப் பாக்க மாட்டாமத்தான் பிள்ள, நான் தெனமும் அவனுக்குக் குரல் குடுத்தேன்."

அவர் ஒருநாளும் கொடுத்ததில்லை. கேட்டருகே நின்ற சிறுமியைப் பார்த்ததும் அவர் அல்ல. ராயப்பனின் நாளைத் தைத்தபோது அந்த நாளின் வேரும் கூடவே வந்திருக்கிறது. அந்த வேரில் நான் நின்றுகொண்டிருக்கிறேன், எட்டு வயதில், அழுதபடி. எட்டுப் பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எட்டுப் பேருக்கும் என்னைத் தெரிந்திருந்தது. கல்லைப் பிடித்துக்கொண்டேன். புதிதாக வெட்டிய எழுத்தின் தூள் விரலில் ஒட்டியது.

யார் மேல் ஆத்திரப்படுவது என்று தெரியாமல் அன்று அழுதேனே, அதற்கு இப்போது விடை கிடைத்துவிட்டது.

எல்லோரும் டீ குடிக்க உள்ளே போன பிறகு ராயப்பன் மட்டும் தயங்கித் தயங்கி வந்தார். கண் தெளிவாக இருந்தது. நல்ல பேச்சு, நல்ல நடை. ஆனால் இந்தச் சில மாதங்களில் வேறொரு குழப்பம் அவருக்குள் புகுந்திருந்தது.

"நாந்தான் சொன்னேன்னு நல்லா ஞாபகம் இருக்கு. ஆனா எட்டுப் பேரும் அதையே சொல்லுதானுவ, அழுவுதானுவ. எட்டுப் பேரும் சொல்லியிருக்க முடியாதுல்லா? மெஷின்ல பாத்தது நீதான். உனக்குத் தெரியும். உள்ளதச் சொல்லு தாயி. ஏழுக்குக் குரல் குடுத்தது யாரு?"

அவருடைய பழைய பதிவின் படம் என் பையில்தான் இருந்தது. இரண்டு வெளிச்சமும் வாயில் இருக்கும் அந்தப் படம். எடுத்துக் காட்டியிருக்கலாம்.

"நாந்தான் மாமா," என்றேன்.

அவர் எதைப் புரிந்துகொண்டார், எதை விட்டார் என்று எனக்குத் தெரியாது. பிறகு நிலையத்துச் சுவர்க் கடிகாரத்தை அண்ணாந்து பார்த்தார். மணி எட்டே முக்கால்.

"மணி அடிச்சிட்டா?" என்று கேட்டார்.

மூன்று வருடமாக அவர் என்னிடம் கேட்டுவந்தது எந்த மணியை என்று அப்போதுதான் தெரிந்தது.

"அடிச்சிட்டு மாமா," என்றேன். "அப்பா விட்டுட்டுப் போயிட்டாங்க."